ஒரே காற்றை இருமுறை அழுத்தியவர்கள்

2004ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ நிறுவனம் 535டி என்ற காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பானெட்டைத் திறந்து பார்த்தால் உள்ளே இருந்த டீசல் இன்ஜின் பழைய முகம்தான். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர். 530டி காரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அதே குடும்பத்தைச் சேர்ந்தது. 530டியில் அது 218 குதிரைத்திறன் தந்தது. 535டியில் 272 தந்தது. இழுவிசை 500 நியூட்டன் மீட்டரிலிருந்து 560க்கு ஏறியது. அந்த 560இல் 530, நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே வந்துவிட்டது. கொள்ளளவு கூடவில்லை, சிலிண்டரும் கூடவில்லை. ஒரு டர்போ இருந்த இடத்தில் இரண்டு வந்திருந்தன: சிறியது ஒன்று, பெரியது ஒன்று. பெரியது அழுத்திய காற்றைச் சிறியது வாங்கி மறுபடியும் அழுத்தும்படி இரண்டையும் வரிசையாகப் பூட்டியிருந்தார்கள்.

பயணிகள் காரில் இந்த அமைப்பு தயாரிப்புக்கு வந்தது அதுவே முதல்முறை. ஆனால் காற்றை அடுக்கடுக்காக அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் முயற்சி அதற்குப் பல பத்தாண்டுகள் மூத்தது. மலையுச்சி, போர் விமானம், டிராக்டர் போட்டி மைதானம் என்று எல்லா இடமும் சுற்றிவிட்டுக் கடைசியாகத்தான் அது காருக்கு வந்தது. இவ்வளவு எளிமையாகத் தோன்றும் ஒன்றுக்கு ஏன் இவ்வளவு தாமதம்? பலரும் டர்போவையே பார்த்துக்கொண்டிருப்பதால் பதில் கண்ணில் படுவதில்லை. இரண்டு டர்போக்களுக்கும் நடுவே உட்கார்ந்து வழி திறந்தும் மூடியும் விடும் சில தகட்டு வால்வுகள்தான் அந்தப் பதில்.

டீசல் இன்ஜினுக்கு எப்போதும் காற்றுப் பசி. பெட்ரோல் இன்ஜினில் எரிபொருளும் காற்றும் ஏறக்குறைய நிர்ணயித்த விகிதத்தில் கலந்தாக வேண்டும். டீசலில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. காற்று எவ்வளவு கூடுதலாக இருந்தாலும் நல்லதே. ஒரு பங்கு டீசல் முழுமையாக எரியக் கணக்குப்படி எடையில் பதினான்கரைப் பங்கு காற்று போதும். ஆனால் புகையில்லாமல் எரிய வேண்டுமானால் நடைமுறையில் பதினெட்டு, இருபது பங்கு வேண்டும். காற்றைக் கூட்டாமல் பம்பை மட்டும் திருகி டீசலைக் கூட்டினால் வண்டி கருப்புப் புகை கக்கும், வெப்பம் ஏறும், பிஸ்டன் தலை உருகும். அதனால் டீசலில் சக்தி வேண்டுமென்றால் முதல் கேள்வி, எவ்வளவு காற்றை உள்ளே தள்ள முடியும் என்பதுதான்.

வெளியேறும் புகையைக் கொண்டே காற்றை உள்ளே தள்ளும் யோசனையை முதலில் எழுதிப் பதிவு செய்தவர் ஆல்ஃபிரட் பூஹி. 1879இல் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்தவர்; ஜூரிக் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். அவரைத் தொந்தரவு செய்தது ஒரே ஒரு கணக்கு. எரிபொருளில் இருக்கும் சக்தியில் மூன்றில் ஒரு பங்குதான் வேலையாகிறது; மிச்சம் குளிர்விப்பிலும் புகைபோக்கியிலும் போய்விடுகிறது. 1905 நவம்பர் 16 தேதியிட்ட ஜெர்மன் காப்புரிமையில் அவர் ஒரு கம்ப்ரசர், ஒரு டீசல் இன்ஜின், ஒரு டர்பைன் ஆகிய மூன்றையும் ஒரே தண்டில் கோத்து வரைந்தார். வெளியேறும் புகை டர்பைனைச் சுழற்ற, டர்பைன் கம்ப்ரசருக்குக் கை கொடுக்கும். ருடால்ஃப் டீசலே 1890களில் காற்றை முன்கூட்டி அழுத்திப் பார்த்துவிட்டு, சிக்கனம் குறைகிறது என்று கைவிட்டிருந்தார். பூஹி கைவிடவில்லை. சுல்சர் தொழிற்சாலையில் 1911 முதல் சோதனை நடந்தது. உருப்படியான பலன் கிடைக்க அவருக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பிடித்தன.

பலன் கடலில் கிடைத்தது. முதல் உலகப் போருக்குப் பின் கிழக்குப் பிரஷ்யா ஜெர்மனியிலிருந்து நில வழியில் துண்டாகிப் போனது. இரண்டையும் பால்டிக் கடல் வழியே இணைக்க ஓடிய பயணிகள் கப்பல்களில் பிராய்சன், ஹான்சஸ்டாட் டான்சிக் என்ற இரண்டு, 1926இல் பூஹியின் டர்போவுடன் ஓடின. இன்ஜின்கள் மான் நிறுவனத்தின் பத்து சிலிண்டர் டீசல்கள். டர்போ இல்லாமல் 1,750 குதிரைத்திறன், டர்போவுடன் 2,500.

கப்பலுக்கு ஏன் முதலில் வாய்த்தது என்பதில்தான் இந்த வரலாற்றின் முடிச்சு இருக்கிறது. கப்பல் இன்ஜின் துறைமுகத்தை விட்டுக் கிளம்பினால் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடும். புகையின் அளவு மாறாது, டர்பைனின் வேகம் மாறாது. அந்த ஒரு வேகத்துக்கு ஏற்ற டர்போவைப் பொருத்திவிட்டால் வேலை முடிந்தது. காரின் பிழைப்பு வேறு. சிக்னலில் 800 சுற்று, கிளம்பும்போது 1,500, முந்தும்போது 4,000. பத்து விநாடிக்குள் எல்லாம் மாறும். சிறிய டர்போ வைத்தால் கீழ் வேகத்தில் உடனே சுழன்று பிக்கப் கொடுக்கும்; மேல் வேகத்தில் புகை வெளியேற வழியில்லாமல் இன்ஜின் மூச்சுத் திணறும். பெரிய டர்போ வைத்தால் மேல் வேகத்தில் அருமையாக இழுக்கும். கீழே, ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டு டிரைவர் காத்திருக்க வேண்டும்.

கப்பலுக்கு இணையாக இன்னொரு கிளை மலையிலும் வானத்திலும் வளர்ந்தது. உயரம் ஏற ஏறக் காற்று மெலியும், விமான இன்ஜின் சோர்ந்துபோகும். பிரான்சில் ஆகுஸ்த் ராத்தோ போர்க்காலத்திலேயே விமான இன்ஜினுக்கு டர்போ செய்தார். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சான்ஃபோர்டு மாஸ், 1918இல் ஒரு லிபர்ட்டி விமான இன்ஜினை லாரியில் ஏற்றிக்கொண்டு கொலராடோவின் பைக்ஸ் பீக் உச்சிக்கே போனார். 4,300 மீட்டர் உயரம். சமவெளியில் 350 குதிரைத்திறன் தந்த இன்ஜின் அங்கே 230தான் தந்தது. டர்போ பூட்டியதும் 356. மெலிந்த காற்றைத் திரும்பச் சமவெளிக் காற்றாக்கிவிடலாம் என்பதற்கு அந்த மூன்று எண்களே சாட்சி.

அதிலிருந்து இரண்டு அடுக்குக்கு ஒரே எட்டுதான். இரண்டாம் உலகப் போரில் பறந்த லாக்ஹீட் பி-38 விமானத்தில் முதலில் ஜெனரல் எலெக்ட்ரிக் டர்போ காற்றை அழுத்தும். நடுவே ஒரு இன்டர்கூலர் அதைக் குளிர்விக்கும். பிறகு இன்ஜினோடு பல்சக்கரத்தில் இணைந்த இன்னொரு கம்ப்ரசர் மறுபடி அழுத்தும். முற்பட்ட மாடல்களில் இன்டர்கூலர் இறக்கையின் முன்விளிம்புக்குள் இருந்தது. இன்ஜினின் சக்தி மாடலுக்கு மாடல் கூடிக்கொண்டே போக, அந்த மெல்லிய விளிம்பால் அவ்வளவு வெப்பத்தையும் தள்ள முடியவில்லை. டர்போவால் கொடுக்க முடிந்ததை இன்டர்கூலர் தடுத்தது. பி-38ஜே மாடலில்தான் அதை இன்ஜினுக்குக் கீழே, முகவாய்ப் பக்கம் கொண்டுவந்தார்கள். பூஸ்ட் மட்டும் பேசி, குளிர்விப்பை மறக்கும் இன்றைய ஆர்வலர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய பாடம் அது.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிட வேண்டும். 1950களில் ரைட் நிறுவனத்தின் ஆர்-3350 இன்ஜினில் மூன்று டர்பைன்களை வைத்துப் புகையின் சக்தியை நேராகக் கிராங்க் தண்டுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். ஏர் இந்தியா ஓட்டிய சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களில் இருந்தது இந்த இன்ஜின். பிரிட்டனின் நேப்பியர் நோமாட் என்ற டீசல் விமான இன்ஜினும் அந்த வழியே போய், சேவைக்கு வராமலே நின்றுபோனது. அது வேறு குடும்பம். இக்கட்டுரை பேசுவது டர்பைனின் சக்தி முழுவதையும் காற்றை அழுத்தவே செலவிடும் அமைப்பை; மெக்கானிக்குகள் காம்பவுண்ட் டர்போ என்று சொல்வதை. ஒரே அளவில் இரண்டு டர்போக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆளுக்குப் பாதிச் சிலிண்டரைக் கொடுக்கும் அமைப்பும் இதில் சேராது. அதில் காற்று ஒருமுறைதான் அழுத்தப்படுகிறது.

இருமுறை அழுத்துவதில் அப்படி என்ன லாபம்? கான்கிரீட் போடும் நாளில் தரையிலிருந்து மாடிக்குக் கலவை ஏற்றுவதைப் பார்த்திருப்போம். கீழே நிற்பவர் பாண்டுச் சட்டியைத் தலை உயரத்துக்குத் தூக்குவார். சாரத்தில் நிற்பவர் அங்கிருந்து வாங்கி மேலே கொடுப்பார். ஒருவரே தரையிலிருந்து மாடிக்கு வீச முயன்றால் பாதி சிந்தும். கம்ப்ரசரும் அப்படித்தான். வெளிக் காற்றின் அழுத்தத்தை நான்கு மடங்காக்க ஒரே டர்போவிடம் சொன்னால் அதன் திறன் சரிகிறது. வீணாகும் சக்தி முழுவதும் வெப்பமாகிறது. 30 டிகிரியில் உள்ளே போன காற்று ஏறக்குறைய 240 டிகிரியில் வெளியே வரும். இரண்டு டர்போக்கள் ஆளுக்கு இரண்டு மடங்கு அழுத்தினால், இரண்டும் இரண்டும் பெருகி அதே நான்கு மடங்கு. முதல் டர்போவிலிருந்து ஏறக்குறைய 120 டிகிரியில் வரும் காற்றை நடுவே 50 டிகிரிக்குக் குளிர்வித்துக் கொடுத்தால், இரண்டாவதிலிருந்து 145 டிகிரி அளவில்தான் வெளிவரும். அழுத்தம் ஒன்றே, வெப்பத்தில் நூறு டிகிரி வித்தியாசம்.

டர்போ டீசலைப் பந்தயக் காரில் பார்த்து உலகம் வியந்தது 1952இல். இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்துக்குக் கம்மின்ஸ் நிறுவனம் கொண்டுவந்த காரில் 6.6 லிட்டர் லாரி இன்ஜின். உயரத்தைக் குறைக்க அதைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்திருந்தார்கள். ஃபிரெட் அகபாஷியன் தகுதிச் சுற்றில் மணிக்கு 138.010 மைல் சராசரியில் ஓட்டி முதல் வரிசையின் முதல் இடத்தைப் பிடித்தார். அந்தப் பந்தயத்தில் டர்போவோடு கலந்துகொண்ட முதல் காரும் அதுதான். ஆனால் 71ஆம் சுற்றில் நின்றுவிட்டது. காற்று இழுக்கும் வாய் காரின் முன்புறம், தரைக்குப் பக்கத்தில் இருந்தது. மற்ற கார்களின் டயரிலிருந்து உதிர்ந்த ரப்பர்த் துகள்கள் அதன் வழியே போய் அடைத்துக்கொண்டன. இன்ஜின் பிழைக்கவில்லையென்றால் அதற்கு உலோகம் காரணமல்ல. மூச்சுக் குழாய் வைத்த இடம் காரணம்.

சாலையில் ஓடும் டர்போ டீசல் கார் வர மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. 1978 மாடலாக அமெரிக்காவில் விற்ற மெர்சிடஸ் பென்ஸ் 300எஸ்டிதான் தொடர் தயாரிப்பில் வந்த முதல் டர்போ டீசல் கார். அமெரிக்க அரசு கொண்டுவந்த எரிபொருள் சிக்கன விதிகள் பின்னால் துரத்த, ஐந்து சிலிண்டர், மூன்று லிட்டர் டீசலில் ஒரு காரெட் டர்போவை மாட்டினார்கள். 80 குதிரைத்திறன் இருந்த இன்ஜின் ஏறக்குறைய 110க்குப் போனது. அதே ஆண்டு ஏப்ரலில் இதன் பந்தயத் தம்பியான சி111, இத்தாலியின் நார்டோ வட்டச் சாலையில் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சராசரியில் பல மணி நேரம் ஓடி உலகச் சாதனைகளை அள்ளியது. அங்கே வேகம் ஒன்றே, மாறாது. டர்போவுக்கு உகந்த வாழ்க்கை. நகரச் சாலையில் 300எஸ்டி ஓட்டியவர்களோ மிதித்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

அந்தக் காத்திருப்பைப் பாதி குறைத்தது 1990களில் பரவிய மாறும் வடிவ டர்போ. டர்பைன் சக்கரத்தைச் சுற்றிச் சின்னச் சின்னத் தகடுகள். கீழ் வேகத்தில் அவை குறுகிப் புகையைச் சீறவைக்கும், மேல் வேகத்தில் விரிந்து வழிவிடும். ஃபோக்ஸ்வாகனின் 1.9 லிட்டர் டிடிஐ 90 குதிரைத்திறனிலிருந்து 110க்கு ஏறியதற்கு இது முக்கியக் காரணம். ஆனால் தகடு எவ்வளவு விரிந்தாலும் சக்கரத்தின் அளவு மாறாது. ஒரு டர்போவை எவ்வளவு தூரம் வளைக்கலாமோ அவ்வளவு வளைத்தாயிற்று.

இதற்கிடையில், பொறியாளர்களின் வரைபலகைக்கு வெளியே, அமெரிக்க வயல்வெளிகளில் விவசாயிகள் இந்த வித்தையைத் தாங்களாகவே பழகிக்கொண்டிருந்தார்கள். டிராக்டர் இழுப்புப் போட்டி: கனமான சறுக்குவண்டியைப் பின்னால் கட்டி, போகப் போக எடை கூடக்கூட, மண் பாதையில் எவ்வளவு தூரம் இழுக்கிறது என்று பார்ப்பது. 1969இல் தேசிய அளவில் சங்கம் அமைந்தது. புரோ ஸ்டாக் பிரிவில் ஒரு டர்போதான் அனுமதி. சூப்பர் ஸ்டாக் பிரிவில் அடுக்கிக்கொள்ளலாம். அடுக்கினார்கள். இரண்டு, மூன்று, நான்கு என்று பழைய லாரி டர்போக்களை ஒன்றன் வாயில் ஒன்று செருகி, வெப்பத்தைத் தணிக்கக் காற்றுக் குழாய்க்குள்ளேயே தண்ணீரைப் பீய்ச்சினார்கள். கல்லூரிப் பட்டம் இல்லாத இந்தக் கைகள் அடுக்கு டர்போவின் வளர்ச்சிக்குச் செய்ததை வரலாற்று நூல்கள் போதிய அளவு எழுதவில்லை. ஆனால் அந்த டிராக்டரும் கப்பலைப் போலத்தான். ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்து ஒரே ஓட்டம், சில விநாடிகள். கீழ் வேகம், நடு வேகம் என்ற கவலை கிடையாது.

535டி தீர்த்துவைத்தது அந்தக் கவலையைத்தான். அதன் குழாய்களைக் கொஞ்சம் பொறுமையாகத் தொடர்ந்து பார்ப்போம். காற்று முதலில் பெரிய டர்போவின் கம்ப்ரசருக்குள் போய், அங்கிருந்து சிறிய டர்போவுக்கு, பிறகு இன்டர்கூலர், பிறகு இன்ஜின். புகை இதற்கு எதிர்த்திசையில், முதலில் சிறிய டர்பைன், பிறகு பெரியது. சிறிய டர்பைனைச் சுற்றிக்கொண்டு போக ஒரு பக்கவழி. அதன் வாயில் ஒரு தகட்டு வால்வு. கீழ் வேகத்தில் அந்த வால்வு இறுக மூடியிருக்கும். இருக்கிற கொஞ்சப் புகை முழுவதும் சிறிய டர்பைன் வழியே போயாக வேண்டும். அது உடனே சுழலும். வேகம் கூடக்கூட வால்வு இம்மி இம்மியாகத் திறக்கும், பெரியதும் சுழன்று காற்றை முன்கூட்டி அழுத்தத் தொடங்கும். இந்த நடுக்கட்டத்தில்தான் இரண்டும் சேர்ந்து வேலை செய்கின்றன. மேல் வேகத்தில் வால்வு முழுதும் திறந்து, புகை நேராகப் பெரியதற்குப் போகும். காற்றுப் பக்கத்திலும் இன்னொரு வால்வு திறந்து, சிறிய கம்ப்ரசரைத் தாண்டிக்கொண்டு போக வழிவிடும். பெரியதும் திகட்டிவிடாமல் காக்க, மிஞ்சிய புகையை வெளியே விடும் வேஸ்ட்கேட் ஒன்று அதற்கென உண்டு. இத்தனையையும் வெற்றிடக் குழாய்கள் இழுக்கின்றன. எப்போது, எவ்வளவு இழுப்பது என்பதை இன்ஜினின் கணினி முடிவு செய்கிறது.

அந்தக் கணினியோடு சேர்ந்து நொடிக்கு நொடி எரிபொருளைக் கட்டுப்படுத்தும் காமன் ரெயில் கார்களில் 1997இல்தான் வந்தது. அதனால்தான் 2004. அதற்கு முன் யாராவது இரண்டு டர்போக்களைக் காரில் பூட்டியிருந்தால், ஒரு வேகத்திலிருந்து மறு வேகத்துக்குப் போகும்போது ஓட்டுநரின் முதுகில் ஒரு குத்து விழுந்திருக்கும். இன்றும் இந்த வகைப் பழைய கார்களில் கீழ் வேக இழுவை திடீரென்று செத்துவிட்டால், டர்போவைக் கழற்றுவதற்கு முன் விரல் தடிமன் கூட இல்லாத அந்த வெற்றிட ரப்பர்க் குழாய் வெடித்திருக்கிறதா என்று பார்ப்பதே விவரம் தெரிந்த மெக்கானிக்கின் வழக்கம். குழாய் வெடித்தால் வால்வு மூடாது. வால்வு மூடாவிட்டால் சிறிய டர்போ இருந்தும் இல்லாத மாதிரி.

அந்த டர்போ அமைப்பைச் செய்து கொடுத்த போர்க்வார்னர் நிறுவனத்தின் டர்போ பிரிவு, முன்பு கே.கே.கே என்ற ஜெர்மன் நிறுவனமாக இருந்தது. அதே கே.கே.கேயின் கூட்டுடன் 1982இல் தொடங்கியதுதான் தமிழ்நாட்டின் டர்போ எனர்ஜி. வாலாஜாபேட்டைக்கு அருகே புலிவலத்திலும் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் பையனூரிலும் இருக்கும் அதன் ஆலைகள் இந்திய வண்டிகளுக்கு டர்போ செய்கின்றன.

இரட்டை அடுக்கு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை 2006 ஆகஸ்ட் 23 அன்று அமெரிக்காவின் பான்வில் உப்புச் சமவெளி காட்டியது. ஜேசிபி டீசல்மேக்ஸ் என்ற நீளமான வண்டியை ஆண்டி கிரீன் ஓட்டினார். மணிக்கு 350.092 மைல், அதாவது 563 கிலோமீட்டர். டீசல் வண்டிகளில் உலகச் சாதனை. உள்ளே இருந்த இரண்டு இன்ஜின்களும் நம் தெருவில் பள்ளம் தோண்டும் ஜேசிபி இயந்திரங்களுக்காக வடிவமைத்த 444 வகையைச் சேர்ந்தவை. தோண்டும்போது சுமார் நூறு குதிரைத்திறன் தரும் இன்ஜினை ஐந்து லிட்டராகப் பெருக்கி, ஒவ்வொன்றிலும் 750 எடுத்தார்கள். காற்றை இரண்டு அடுக்கில் அழுத்தினார்கள். அடுக்குகளுக்கு நடுவே ஒரு குளிர்விப்பு, கடைசியில் இன்னொரு குளிர்விப்பு. உள்ளே போன காற்று வளிமண்டலத்தைவிட ஐந்து மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் இருந்தது. பி-38இன் பாடத்தை இவர்கள் நன்றாகப் படித்திருந்தார்கள். ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்ப அதனால் முடியாது. ஒரு ஜேசிபி டிராக்டர் பின்னாலிருந்து தள்ளிவிட்ட பிறகே கியர் விழும்.

நிறுவனங்கள் இப்படிப் போக, ஆர்வலர்களின் பட்டறைகளில் இது தனிக் கலையாக வளர்ந்தது. அமெரிக்காவில் டாட்ஜ் லாரிகளின் 5.9 லிட்டர் கம்மின்ஸ். பின்லாந்திலும் சுவீடனிலும் 1990களின் மெர்சிடஸ் ஓஎம்606, ஆறு சிலிண்டர் டீசல், தொழிற்சாலையிலிருந்து வரும்போது 177 குதிரைத்திறன். ஐரோப்பா முழுவதும் 1.9 டிடிஐ. இந்த மூன்றிலும் கைவைத்தவர்கள் முதலில் செய்யும் தவறு ஒன்றே: பெரிய எண்ணைப் பார்த்துப் பெரிய டர்போ வாங்குவது. தேர்வு எப்படி நடக்க வேண்டும் என்பதை 1.9 டிடிஐயை வைத்தே பார்க்கலாம்.

நான்கு ஸ்டிரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை தன் கொள்ளளவை விழுங்கும். 1.9 லிட்டர், 4,500 சுற்று, 90 சதவீத நிரப்பு என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3.85 கன மீட்டர். உள்ளே போகும் காற்றின் மொத்த அழுத்தம் 3.5 பார், வெப்பம் 50 டிகிரி என்று வைத்துக்கொண்டால் அது எடையில் நிமிடத்துக்குப் பதினான்கரைக் கிலோ. இருபது பங்கு காற்றுக்கு ஒரு பங்கு டீசல் என்ற கணக்கில் 250 குதிரைத்திறனுக்கு அது போதும். இந்தக் காரோடு வரும் வகையைச் சேர்ந்த சிறிய டர்போ தனியாக நிமிடத்துக்கு எட்டு, ஒன்பது கிலோவில் மூச்சு முட்டிப்போகும். பதினான்கரையை அது எப்படித் தாங்கும்?

இந்த இடம்தான் அழகு. கம்ப்ரசர் சக்கரத்துக்கு எடை தெரியாது, கன அளவுதான் தெரியும். பெரிய டர்போ ஏற்கெனவே காற்றை இரண்டு மடங்கு நெருக்கி, நடுவே குளிர்வித்துக் கொடுத்தால், அதே பதினான்கரைக் கிலோ சிறியதன் வாயில் ஏழரைக் கிலோ காற்றுக்குரிய இடத்தையே பிடிக்கும். எட்டு, ஒன்பது கிலோவில் திணறும் சக்கரம் ஏழரையை நிம்மதியாக விழுங்கிவிடும். ஆகவே சிறியதை மாற்ற வேண்டியதே இல்லை. காரில் ஏற்கெனவே இருக்கும் டர்போவை அப்படியே வைத்துக்கொண்டு, முன்னால் ஒரு பெரியதைச் சேர்த்தால் போதும். அந்தப் பெரியதைத் தேர்ந்தெடுக்கும்போது, எவ்வளவு காற்றை எத்தனை மடங்கு அழுத்தும் என்று காட்டும் அதன் வரைபடத்தில் பதினான்கரைக் கிலோ, இரண்டு மடங்கு என்ற புள்ளி நடு வட்டத்துக்குள் விழ வேண்டும். இடது ஓரத்தில் விழுந்தால் காற்று பின்வாங்கி டர்போ குமுறும்; வலது ஓரத்தில் விழுந்தால் வெறும் வெப்பம்தான் மிஞ்சும்.

காற்றுப் பக்கம் இப்படிச் சுலபமாக முடிந்துவிடுகிறது. புகைப் பக்கத்தில்தான் பட்டறைகள் தோற்கின்றன. புகை சிறிய டர்பைனுக்கு வரும்போது இன்னும் அழுத்தம் இறங்கவில்லை. வழி போதாவிட்டால் மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறும். உள்ளே தள்ளும் காற்றின் அழுத்தத்தைவிட வெளியேறத் துடிக்கும் புகையின் அழுத்தம் வெகுவாக ஏறினால், பிஸ்டன் புகையைத் தள்ளுவதிலேயே பாதி சக்தியைச் செலவிடும். கேஸ்கெட்டும் டர்போவின் தண்டும் முதலில் போகும். இரண்டு அழுத்தமும் ஏறக்குறைய சமமாக இருந்தால் பொருத்தம் சரி. சமமாக்க வழி சிறிய டர்பைனுக்குத் தாராளமான ஒரு பக்கவழியும் நம்பகமான ஒரு வேஸ்ட்கேட்டும்தான். டர்போவுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு வேஸ்ட்கேட்டில் மிச்சம் பிடிப்பவர்கள் இன்ஜினை இழக்கிறார்கள்.

535டிக்குப் பின் பத்தாண்டுகள் டீசல் காரின் பொற்காலம். பி.எம்.டபிள்யூ 123டி 2007இல் இரண்டு லிட்டரில் 204 குதிரைத்திறன் தந்து, லிட்டருக்கு நூறு என்ற எல்லையைத் தாண்டியது. மெர்சிடஸின் நான்கு சிலிண்டர் ஓஎம்651 அடுத்த ஆண்டே அதே 204ஐயும் 500 நியூட்டன் மீட்டரையும் எட்டியது. மஸ்தா 2012இல் இரட்டை அடுக்கை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தியது: இன்ஜினின் அமுக்க விகிதத்தை 14க்கு இறக்கிச் சுத்தமாக எரியவைக்க. பி.எம்.டபிள்யூ அதே ஆண்டு மூன்று டர்போவுக்கும், 2016இல் நான்குக்கும் போனது; 400 குதிரைத்திறன், 760 நியூட்டன் மீட்டர். ஆடி அதே 2016இல் எஸ்க்யூ7 காரில் கீழ் வேகத்துக்கு மின்சாரத்தில் சுழலும் கம்ப்ரசரையே வைத்தது. புகைக்காகக் காத்திருக்கும் தேவையே ஒழிந்தது.

ஆனால் 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகனின் புகைச் சோதனை மோசடி வெளிவந்த பிறகு டீசல் காருக்கான காற்று திசைமாறிவிட்டது. நான்கு டர்போ இன்ஜினை பி.எம்.டபிள்யூ 2020இல் நிறுத்தியது. இரட்டை அடுக்கு அழியவில்லை. டர்போ தொடங்கிய இடமான கடலுக்கே அது போயிருக்கிறது. 2015இல் அறிமுகமாகி, நான்கு ஸ்டிரோக் டீசல்களில் மிகச் சிக்கனமானது என்று கின்னஸ் பதிவு பெற்ற வார்ட்சிலா 31 இன்ஜினில் இருப்பது இரண்டு அடுக்கு டர்போதான்.

இதைப் படித்துவிட்டுப் பழைய டீசல் காரில் இரண்டாவது டர்போ மாட்டும் ஆசை எழுந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. எனவே சாலையில் ஓடும் காரில் வேண்டாம். சோதனை மேடையிலோ பந்தயத் தடத்துக்கென்று ஒதுக்கிய வண்டியிலோ செய்யுங்கள். அப்போதும் டர்போ வாங்கும் முன், சிறிய டர்பைனுக்கு முன்னால் ஒரு அழுத்தமானியும் ஒரு வெப்பமானியும் மாட்டி, இப்போதிருக்கும் இன்ஜின் என்ன சொல்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.